தசையில் போடும் ஊசி: தாதியின் கையில் உள்ள அறிவியல்

பள்ளிச் சுகாதாரக் குழு வரும் நாள் என்றாலே வகுப்பில் பரபரப்புதான். படிவம் 1 மாணவிகளுக்கு எச்பிவி தடுப்பூசி; 15 வயதில், படிவம் 3 மாணவர்களுக்கு டெட்டனஸ் தடுப்பூசி. "வலிக்குமா?" என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். வரிசை நகர்கிறது. தாதி கையைத் தொட்டுப் பார்க்கிறார், பஞ்சால் துடைக்கிறார், ஊசியைச் செலுத்துகிறார், எடுக்கிறார். எல்லாம் ஒரு நிமிடத்திற்குள் முடிந்துவிடுகிறது.

அந்த ஒரு நிமிடத்திற்குள் தாதி ஐந்து முடிவுகளையாவது எடுத்திருப்பார். எந்த இடத்தில் போடுவது? ஊசியின் நீளம் என்ன? எந்தக் கோணம்? எவ்வளவு ஆழம்? எவ்வளவு வேகம்? இவற்றுள் ஒன்று தவறினாலும் மருந்து சரியாக வேலை செய்யாமல் போகலாம். சில வேளைகளில் நரம்பு பாதிக்கப்பட்டு, ஊசி போட்டுக்கொண்டவர் சரியாக நடக்க முடியாத நிலையும் ஏற்படலாம்.

இந்தக் கேள்விகளுக்குச் சில பத்தாண்டுகளுக்கு முன்பு சொல்லிக் கொடுக்கப்பட்ட விடைகள் எல்லாம் இன்றைக்கும் சரியாக இருப்பதில்லை. ஆய்வுகள் சிலவற்றை மாற்றிவிட்டன. அந்த மாற்றம் தாதியின் கைக்கும் வந்து சேர்ந்தால்தான் ஊசி பாதுகாப்பானது. அது எப்படி என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

ஏன் தசை?

உங்கள் மேல்கையை ஓர் அடுக்குக் கேக்காக நினைத்துக்கொள்ளுங்கள். மேலே தோல், அதன்கீழ் கொழுப்பு, அதற்கும் கீழே தசை, நடுவில் எலும்பு. ஒவ்வோர் அடுக்கிற்கும் ஏற்ற ஊசிகள் உண்டு.

பிறந்தவுடன் இடது கையில் போடப்படும் பிசிஜி காசநோய்த் தடுப்பூசி தோலுக்குள்ளேயே நிற்க வேண்டும். அதனால் ஊசியை ஏறக்குறைய படுக்கை நிலையில், 10 முதல் 15 பாகை சாய்வில் செலுத்துவார்கள். உங்களில் பலருடைய கையில் உள்ள சிறிய தழும்பு அதன் அடையாளம்தான். நீரிழிவு நோயாளிகளுக்கான இன்சுலின் கொழுப்பு அடுக்கிற்குப் போக வேண்டும். எச்பிவி, டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி போன்ற தடுப்பூசிகள் தசைக்குப் போக வேண்டும். அதற்கு ஊசி தோலுக்குச் செங்குத்தாக, 90 பாகையில் இறங்க வேண்டும்.

தசையைத் தேர்ந்தெடுக்க என்ன காரணம்? தசை ஓயாமல் வேலை செய்யும் உறுப்பு. அதற்கு நிறைய ஆக்சிஜன் தேவை. ஆகவே அங்கே இரத்த நுண்குழாய்கள் அடர்த்தியாகப் பின்னிக் கிடக்கின்றன. கொழுப்பில் இரத்த ஓட்டம் அதைவிடக் குறைவு. எனவே தசையில் விடப்பட்ட மருந்து விரைவாக இரத்தத்தில் கலக்கும்.

கனடாவில் நடந்த, இதை மெய்ப்பிக்கும் ஓர் ஆய்வு 1998இல் வெளியானது. கடும் ஒவ்வாமை ஏற்பட்டால் உயிர் காக்கும் மருந்து அட்ரினலின். அதைக் குழந்தைகளில் ஒரு பிரிவினருக்குத் தொடைத் தசையிலும் இன்னொரு பிரிவினருக்குத் தோலடிக் கொழுப்பிலும் கொடுத்தார்கள். தசையில் கொடுத்தபோது மருந்து இரத்தத்தில் உச்ச அளவை எட்டச் சராசரியாக 8 நிமிடங்கள் போதுமானதாக இருந்தன. கொழுப்பில் கொடுத்தபோதோ 34 நிமிடங்கள் ஆயின. மூச்சுக்குழாய் வீங்கித் திணறும் ஒருவருக்கு இந்த 26 நிமிட வேறுபாடு எவ்வளவு பெரியது என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் பையில் வைத்திருக்கும் அட்ரினலின் பேனாவைத் தொடையின் வெளிப்பக்கத்தில் அழுத்தச் சொல்வது இதனால்தான்.

தசை இன்னொரு வேலையையும் செய்யும். மெதுவாகக் கரையும் மருந்தைத் தசைக்குள் ஒரு கிடங்குபோல் சேமித்து வைக்கலாம். வாதக் காய்ச்சலால் இதயம் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறை போடப்படும் பென்சத்தின் பெனிசிலின் அத்தகையது. பால்போல் வெண்மையான, தடிப்பான இந்த மருந்து தசையிலிருந்து சிறிது சிறிதாகக் கசிந்து, வாரக் கணக்கில் பாதுகாப்புத் தருகிறது. ஒரே தசை ஒரு மருந்தை நிமிடங்களில் அனுப்பிவிடுகிறது. இன்னொன்றை வாரக் கணக்கில் வைத்திருக்கிறது. மருந்து எவ்வளவு விரைவில் கரைகிறது என்பதுதான் வேறுபாடு.

நீளமும் நிறமும்

அடுத்த முறை தடுப்பூசி போடும்போது, ஊசியும் குழாயும் சேரும் இடத்தில் உள்ள பிளாஸ்டிக் பகுதியின் நிறத்தைக் கவனியுங்கள். அனைத்துலகத் தர விதிப்படி, 21 கேஜ் ஊசிக்குப் பச்சை, 23 கேஜுக்கு நீலம், 25 கேஜுக்கு ஆரஞ்சு நிறம். 'கேஜ்' என்பது ஊசியின் தடிமனைக் குறிக்கும் எண். ஆனால் இது தலைகீழ்க் கணக்கு. எண் கூடக் கூட ஊசி மெல்லியதாகும். 23 கேஜ் ஊசியின் குறுக்களவு சுமார் 0.6 மில்லிமீட்டர், 25 கேஜ் சுமார் 0.5 மில்லிமீட்டர். நீர்போன்ற தடுப்பூசிக்கு மெல்லிய ஊசி போதும். தடிப்பான பெனிசிலினை மெல்லிய ஊசியில் செலுத்த முயன்றால் நடுவிலேயே அடைத்துக்கொள்ளும்.

நீளம் அதைவிட முக்கியம். பெரியவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் பொதுவாக 25 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குல நீள ஊசி பயன்படுகிறது. பச்சிளங்குழந்தைக்கு 16 மில்லிமீட்டர் போதுமானது. பருமனான உடல்வாகு கொண்டவருக்கு 38 மில்லிமீட்டர் வரை தேவைப்படலாம். நீளம் போதாவிட்டால் மருந்து கொழுப்பிலேயே நின்றுவிடும். மெலிந்த கையில் மிக நீளமான ஊசியை முழுவதும் இறக்கினால் அது எலும்பில் போய் முட்டலாம். ஆகவே தாதி கையைத் தொட்டு, தசையை லேசாகப் பிடித்துப் பார்ப்பது தைரியம் சொல்வதற்காக மட்டுமன்று. அவர் உங்கள் கையின் அடுக்குகளை விரலால் அளந்துகொண்டிருக்கிறார்.

கையில் இரண்டு, மூன்று விரல்

உங்கள் தோளின் நுனியை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியான எலும்பு விளிம்பு ஒன்று தட்டுப்படும். அதிலிருந்து இரண்டு, மூன்று விரல் அகலம் கீழே வாருங்கள். அங்கே தலைகீழ் முக்கோண வடிவில், புடைத்துக்கொண்டு இருப்பதுதான் டெல்டாய்டு தசை. தடுப்பூசிக்கு உரிய இடம் அதன் நடுப்பகுதி.

அந்த இடத்திலிருந்து மேலே போனால் ஒரு சிக்கல், கீழே போனால் வேறு சிக்கல். மேலே தோள் மூட்டை ஒட்டி, உராய்வைத் தடுக்கும் நீர்ப்பை ஒன்று உள்ளது. ஊசி மிக உயரத்தில் இறங்கினால் மருந்து அந்தப் பைக்குள் போய் வீக்கத்தை உண்டாக்கலாம். பிறகு கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாத அளவுக்கு வலி மாதக் கணக்கில் நீடிக்கும். அமெரிக்கா 2017இல் இந்தத் தோள் பாதிப்பைத் தடுப்பூசி இழப்பீட்டுப் பட்டியலில் சேர்த்தது. இதற்குக் காரணம் தடுப்பூசி மருந்து அன்று. ஊசி இறங்கிய இடம்தான். தசையின் நடுப்பகுதியை விட்டு மிகவும் கீழேயோ பின்னாலோ போனால், கையை இயக்கும் நரம்புகள் குறுக்கிடும்.

இந்தத் தவறு நேரச் சட்டைக் கையும் ஒரு காரணமாகலாம். நீளக் கை வைத்த சட்டையையோ பாஜு குரோங்கையோ மேலே சுருட்ட முடியாமல், கழுத்துப் பக்கத்திலிருந்து கீழே இழுத்துவிட்டால் தோளின் மேல்பகுதி மட்டுமே தெரியும். தசையின் நடுப்பகுதி துணிக்குள் மறைந்திருக்கும். தாதி நின்றுகொண்டும் மாணவர் உட்கார்ந்துகொண்டும் இருந்தால், மேலிருந்து வரும் கை இயல்பாகவே உயரமான இடத்தைத் தேடும். ஆகவே நோயாளி உட்கார்ந்திருந்தால் தாதியும் உட்கார்ந்து, முழுத் தோளும் தெரியும்படி செய்த பிறகே ஊசி போட வேண்டும் என்று பயிற்சியில் கற்பிக்கிறார்கள்.

கைக்குழந்தைகளுக்கு டெல்டாய்டு தசை இன்னும் வளர்ந்திருக்காது. எனவே அவர்களுக்குத் தொடையின் முன்–வெளிப்பக்கத்தில் போடுகிறார்கள். மலேசியாவில் 1989 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் போடப்பட்டு வரும் ஹெபடைடிஸ் பி முதல் தடுப்பூசியும் அப்படித்தான். உங்கள் வாழ்க்கையில் தசையில் போடப்பட்ட முதல் தடுப்பூசி பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

பிட்டத்தில் ஒளிந்திருக்கும் நரம்பு

அளவு கூடிய மருந்துகளுக்குக் கைத்தசை போதாது. அதில் பொதுவாக 1 மில்லிலிட்டர் அளவே கொடுப்பார்கள். அதற்கு மேல் என்றால் பெரிய தசை வேண்டும். உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். "அந்தக் காலத்தில் இடுப்புக்குக் கீழேதான் ஊசி" என்பார்கள். பிட்டத்தை மனத்திற்குள் நான்கு கட்டங்களாகப் பிரித்து, மேல்–வெளிக் கட்டத்தில் போடுவது பல தலைமுறைத் தாதியர் கற்ற முறை.

ஆனால் பிட்டத்தின் அடியில்தான் நம் உடலிலேயே மிகத் தடிமனான சியாட்டிக் நரம்பு ஓடுகிறது. அதன் அகலம் சுமார் 2 சென்டிமீட்டர். முதுகுத் தண்டின் கீழ்ப்பகுதியிலிருந்து புறப்பட்டுத் தொடையின் பின்பக்கமாகப் பாதம் வரை செல்லும் இந்த நரம்பே காலின் பெரும்பகுதியை இயக்குகிறது. அருகிலேயே பெரிய இரத்தக் குழாய்களும் உள்ளன. மனத்தில் வரைந்த கோடு சற்றே விலகினால், ஊசி நரம்புக்கு மிக அருகில் போய்விடும். ஊசி நரம்பைக் குத்த வேண்டும் என்பதுகூட இல்லை. பக்கத்தில் விடப்படும் மருந்தே நரம்பைச் சிதைக்கக்கூடும். விளைவாக, முன்பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் இழுத்து நடக்கும் நிலை ஏற்படலாம். தசை மெலிந்த பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். இங்கே ஊசி போடும்போது காலுக்குக் கீழே மின்சாரம் பாய்ந்ததுபோல் வலி ஓடுவதாக நோயாளி சொன்னால், தாதி உடனே நிறுத்தி ஊசியை வெளியே எடுத்துவிட வேண்டும்.

இதற்கு மாற்று இடம் ஒன்றை 1950களில் சுவிட்சர்லாந்து மருத்துவர் வான் ஹோக்ஸ்டெட்டர் விவரித்தார். பின்பக்கத்தை விட்டுவிட்டு இடுப்பின் பக்கவாட்டுக்கு வருவதுதான் அவர் காட்டிய வழி. இதை நீங்களே உங்கள் உடலில் தேடிப் பார்க்கலாம். நின்றுகொண்டு, தொடையின் மேல்பகுதியை வெளிப்பக்கத்தில் தொட்டால் ஓர் எலும்புப் புடைப்பு தெரியும். தாதி தம் உள்ளங்கையை அதன்மேல் வைப்பார். ஆட்காட்டி விரலை இடுப்பெலும்பின் முன்முனையை நோக்கி நீட்டுவார். நடுவிரலை இடுப்பெலும்பின் மேல்விளிம்பை நோக்கி விரிப்பார். இரு விரல்களுக்கும் நடுவில் ஒரு 'வி' வடிவம் உருவாகும். அதன் மையம்தான் ஊசிக்கான இடம். வலப்பக்க இடுப்பு என்றால் இடக்கையாலும், இடப்பக்கம் என்றால் வலக்கையாலும் அளக்க வேண்டும்.

இங்கே தசை தடிப்பானது. கொழுப்பு பெரும்பாலும் பின்பக்கத்தைவிட மெல்லியது. பெரிய நரம்போ பெரிய இரத்தக் குழாயோ இல்லை. இன்னொரு நன்மை: மனத்தில் வரையும் கோட்டை நம்ப வேண்டியதில்லை. கைக்குத் தட்டுப்படும் எலும்புகளே வழி காட்டுகின்றன.

கொழுப்பில் தங்கிய தடுப்பூசி

நரம்புக்கு ஆபத்து நேராவிட்டாலும் பிட்ட ஊசியில் இன்னொரு குறை இருந்தது. 1982இல் கனடா ஆய்வாளர்கள் சிடி ஸ்கேன் படங்களைக் கொண்டு பிட்டக் கொழுப்பின் தடிமனை அளந்தார்கள். வழக்கமான 3.5 சென்டிமீட்டர் ஊசி உண்மையில் தசையை எட்டுமா என்பதே கேள்வி. பெண்களில் 100க்கு 5 பேருக்கும் குறைவானவர்களிடமும், ஆண்களில் 100க்கு 15 பேருக்கும் குறைவானவர்களிடமும்தான் அது தசையை எட்டும் என்று தெரியவந்தது. மற்ற அனைவருக்கும் 'தசை ஊசி' என்ற பெயரில் கொழுப்பு ஊசிதான் கிடைத்துக்கொண்டிருந்தது!

இது வெறும் பெயர்ச் சிக்கலாக நின்றுவிடவில்லை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் புதிய ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, நோயாளிகளின் இரத்தத்தோடு பழகும் சுகாதாரப் பணியாளர்களுக்குப் போடப்பட்டது. சில இடங்களில் எதிர்பார்த்ததைவிடக் குறைவானோர் உடலிலேயே நோய் எதிர்ப்புப் பொருள் உருவாகியிருந்தது. மருந்து ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். வேறுபாடு எங்கே என்று தேடியபோது, கையில் போட்டுக்கொண்டவர்களைவிடப் பிட்டத்தில் போட்டுக்கொண்டவர்களுக்கே பலன் குறைந்திருப்பது தெரிந்தது. 1985இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், இந்தத் தடுப்பூசியைப் பெரியவர்களுக்குக் கையில்தான் போட வேண்டும் என்று அறிவித்தது.

தடுப்பூசி போட்டுவிட்டோம், பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நம்பிய ஒருவர் உண்மையில் பாதுகாப்பின்றி இருந்திருக்கிறார். வெளியே எந்தக் காயமும் தெரியாது, வலியும் இருக்காது. சில சென்டிமீட்டர் பிசகினால் இப்படிப்பட்ட தீங்கும் நேரும்.

இழுத்துப் பார்க்க வேண்டுமா?

ஊசியை உள்ளே செலுத்தியதும், மருந்தை விடுவதற்கு முன் உந்துதண்டைச் சற்றுப் பின்னால் இழுத்துப் பார்ப்பது நெடுநாள் வழக்கம். இரத்தம் வந்தால் ஊசி இரத்தக் குழாய்க்குள் இருக்கிறது என்று பொருள்; வெளியே எடுத்துவிட வேண்டும். கேட்பதற்குச் சரியாகத்தானே தோன்றுகிறது?

ஆனால் தடுப்பூசி போடப் பரிந்துரைக்கப்படும் கை, தொடைப் பகுதிகளில் பெரிய இரத்தக் குழாய்கள் இல்லை. இழுத்துப் பார்க்கும் நேரத்தில் ஊசி தசைக்குள் அசைகிறது, வலி கூடுகிறது. 2007இல் கனடாவின் டொராண்டோ நகரில் கைக்குழந்தைகளிடம் இரு முறைகளையும் ஒப்பிட்டார்கள். இழுத்துப் பார்க்காமல் விரைவாகப் போட்டபோது குழந்தைகள் குறைவாகவே அழுதார்கள். உலகச் சுகாதார நிறுவனமும் 2015இல், தடுப்பூசி போடும்போது இழுத்துப் பார்க்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது.

அப்படியானால் அந்தப் பழக்கத்தை முற்றிலும் மறந்துவிடலாமா? கூடாது. பென்சத்தின் பெனிசிலின் போன்ற மருந்து தவறி இரத்தக் குழாய்க்குள் போனால் பெரும் ஆபத்து. அத்தகைய மருந்துகளுக்கு இழுத்துப் பார்க்கும் முறை இன்றும் கற்பிக்கப்படுகிறது. வேகமும் அப்படித்தான். தடுப்பூசியை விரைவாகப் போடலாம். வேறு பல மருந்துகளை 1 மில்லிலிட்டருக்கு 10 விநாடி என்ற கணக்கில் மெதுவாகச் செலுத்த வேண்டும். அப்போதுதான் தசை நார்கள் விலகி இடம் கொடுக்கும். "எப்போதும் இப்படி" என்ற ஒற்றை விதி இங்கே உதவாது. எந்த மருந்து, எந்த இடம், எந்த நோயாளி என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

தெரிந்தும் மாறாத கை

இடுப்பின் பக்கவாட்டு இடம் பாதுகாப்பானது என்று நூல்கள் சொல்லத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. எல்லாத் தாதியரும் மாறிவிட்டார்களா? கனடாவில் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், மருத்துவமனைத் தாதியரில் பெரும்பாலோர் இன்னும் பழைய பிட்ட இடத்தையே தேர்ந்தெடுப்பது தெரியவந்தது. புதிய இடத்தைப் பயன்படுத்தியவர்களில் இளைய தாதியரே அதிகம்.

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்பார்கள். ஒரு வேலையை ஆயிரம் முறை செய்த கை, யோசிக்காமலேயே அதைச் செய்கிறது. அதனால்தான் அனுபவமுள்ள தாதியின் கை நடுங்குவதில்லை. ஆனால் அதே காரணத்தால்தான் அந்தக் கை எளிதில் மாறுவதுமில்லை. புதிய இடத்தை அளந்து பழகாதவருக்கு எலும்பில் குத்திவிடுவோமோ என்ற அச்சம் இருக்கும். நோயாளிகளும் பழைய முறைக்குப் பழகியவர்கள். ஊசி என்றதும் குப்புறப் படுத்துவிடுவார்கள். புதிதாகப் பயிற்சி முடித்து வரும் தாதி, கல்லூரியில் ஒன்றைக் கற்று, வார்டில் மூத்தவர் வேறொன்றைச் செய்வதைப் பார்க்கிறார். எதைப் பின்பற்றுவது?

இதனால்தான் தாதியர் படிப்பு பட்டயத்தோடு முடிவதில்லை. மலேசியாவில் தாதியாகப் பணிபுரிய ஒவ்வோர் ஆண்டும் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர்கல்விப் புள்ளிகளைச் சேர்த்திருக்க வேண்டும். 20 ஆண்டு அனுபவமுள்ளவருக்கும் இதே விதிதான். கைப்பழக்கத்தை அறிவு அவ்வப்போது தட்டி எழுப்ப வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம்.

ஊசியைத் தொடும் முன் சரிபார்க்க வேண்டிய ஐந்தையும் தாதியர் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். பெயர் தெரிந்திருந்தாலும் "உங்கள் பெயர் என்ன?" என்று மறுபடியும் கேட்பது இதற்காகவே. 2021இல் கோவிட் தடுப்பூசி இயக்கத்தின்போது, காலி ஊசிக்குழாயால் குத்தியதாக நம் நாட்டில் சர்ச்சை எழுந்தது. அதன் பிறகு, மருந்து நிரம்பிய குழாயை ஊசி போடும் முன்பும், காலியான குழாயைப் போட்ட பின்பும் காட்டும் நடைமுறை வலியுறுத்தப்பட்டது. சில விநாடிகளே எடுக்கும் செயல்தான். ஆனால் மக்களின் நம்பிக்கையைக் காப்பாற்ற அது தேவைப்பட்டது.

ஊசி வெளியே வந்த பிறகு

ஊசி தோலை விட்டு வந்ததும் வேலை முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். தாதியைப் பொறுத்தவரை அவருக்கே ஆபத்தான நேரம் அப்போதுதான் தொடங்குகிறது. பயன்படுத்திய ஊசியின் நுனியில் இன்னொருவரின் இரத்தம் இருக்கலாம். ஹெபடைடிஸ் பி கிருமி உள்ள இரத்தம் பட்ட ஊசி, அந்த நோய்க்குத் தடுப்பூசி போடாத ஒருவரைக் குத்தினால் தொற்று ஏற்படும் வாய்ப்பு 6 முதல் 30 விழுக்காடு. எச்ஐவி என்றால் ஏறத்தாழ 0.3 விழுக்காடு, அதாவது 1,000 சம்பவங்களில் சுமார் 3.

பயன்படுத்திய ஊசிக்கு மறுபடியும் மூடி போடும்போது இத்தகைய விபத்துகள் நேர்கின்றன. ஒரு கையில் ஊசி, மறு கையில் மூடி. சற்றே குறி தப்பினால் விரலில் குத்திக்கொள்ளும். ஆகவே விதி எளிமையானது: மூடி போடாதே, வளைக்காதே, கழற்றாதே, நேரே கூர்பொருள் பெட்டியில் போடு. தாதியின் கைக்கு எட்டும் தூரத்தில் அந்தப் பெட்டி வைக்கப்பட்டிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முக்கால் பங்கு நிறைந்ததும் அதை மூடி அப்புறப்படுத்திவிட வேண்டும். நிரம்பி வழியும் பெட்டியில் ஊசியைத் திணிப்பதும் குத்திக்கொள்ள வழி வைக்கும்.

ஒருமுறை பயன்படுத்திய ஊசியை இன்னொருவருக்குப் பயன்படுத்துவது அதைவிடப் பெரிய கேடு. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 16 பில்லியன் ஊசிகள் போடப்படுவதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. 2010ஆம் ஆண்டில் மட்டும், பாதுகாப்பற்ற ஊசிகளால் 1.7 மில்லியன் பேர் வரை ஹெபடைடிஸ் பி தொற்றுக்கும், 315,000 பேர் வரை ஹெபடைடிஸ் சி தொற்றுக்கும், 33,800 பேர் வரை எச்ஐவி தொற்றுக்கும் ஆளானதாக அந்த நிறுவனத்தின் ஆதரவில் நடந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. இதைத் தடுக்க, ஒருமுறை அழுத்தியதும் உந்துதண்டு பூட்டிக்கொள்ளும் அல்லது உடைந்துவிடும் ஊசிக்குழாய்கள் வந்துள்ளன. மனிதர் மறந்தாலும் கருவி மறக்காது என்ற எண்ணத்தில் உருவானவை இவை.

தாதிமைத் தொழிலில் சேர நினைக்கும் மாணவ மாணவியர் உங்களில் இருக்கலாம். உடற்கூறு, வேதியியல், நுண்ணுயிரியல் எல்லாம் எதற்கு என்று பாடம் படிக்கும்போது தோன்றினால், இந்த ஓர் அங்குல ஊசியை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சென்டிமீட்டரில் நரம்பு ஓடுகிறது என்று அறிந்த கைக்கே அதைப் பிடிக்கும் தகுதி உண்டு.

ஊசி போடும் நாளில் நீங்கள் செய்ய வேண்டியவை

• காலை உணவைத் தவிர்க்காதீர்கள். பதின்ம வயதினருக்கு ஊசி போட்டதும் மயக்கம் வருவது உண்டு. இது பெரும்பாலும் அச்சத்தால் இரத்த அழுத்தம் சட்டென்று குறைவதால் ஏற்படுவது. மருந்தின் நச்சுத்தன்மையால் அன்று. முன்பு மயங்கிய அனுபவம் இருந்தால் தாதியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். படுக்க வைத்துப் போடுவார்.

• தோள் வரை எளிதில் சுருட்டக்கூடிய கை வைத்த உடை அணியுங்கள். பாஜு குரோங் அணிபவர்கள் உள்ளே விளையாட்டு டி–சட்டை அணிந்து வரலாம்.

• கையைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள் அல்லது மடியில் வையுங்கள். தசையை இறுக்கினால் வலி கூடும்.

• துடைத்த ஆல்கஹால் காயும்வரை தாதி காத்திருப்பார். அவசரப்படுத்தாதீர்கள். ஈரம் காயாமல் குத்தினால் எரிச்சல் அதிகமாகும்.

• எந்த மருந்துக்காவது ஒவ்வாமை இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

• ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காமல், பஞ்சால் மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். பிறகு 15 நிமிடங்களாவது அங்கேயே உட்கார்ந்திருங்கள்.

• கையில் ஓரிரு நாள் வலி இருப்பது இயல்பு. ஆனால் கையைத் தூக்க முடியாத வலி நாள்கணக்கில் நீடித்தாலோ, மரத்துப்போன உணர்வு இருந்தாலோ பெற்றோரிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள்.

• ஐயம் இருந்தால் கேளுங்கள்: "இது என்ன மருந்து? ஏன் இந்த இடத்தில் போடுகிறீர்கள்?" நல்ல தாதி இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். அவரும் இதே கேள்வியைத் தமக்குள் கேட்ட பிறகுதான் ஊசியைக் கையில் எடுத்திருப்பார்.